ஆளில்லா வானூர்திகளுக்குப் பொருத்தமான பெயரைத் தேர்ந்தெடுப்பது எப்படி

உள்ளங்கையில் அடங்கும் 200 கிராம் விளையாட்டுக் கருவியும், ஏறத்தாழ 40 மீட்டர் இறக்கை விரிப்புடன் 18 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு நாளுக்கும் மேலாகப் பறக்கும் குளோபல் ஹாக் உளவு வானூர்தியும் இன்று ‘ட்ரோன்’ என்ற ஒரே பெயரால் அழைக்கப்படுகின்றன. அன்றாடப் பேச்சில் இதனால் பெரிய இழப்பு எதுவும் இல்லை. ஆனால் செய்தி எழுதுபவர், தொழில்நுட்ப நூலை மொழிபெயர்ப்பவர், மாணவருக்குப் பாடம் நடத்துபவர், பறப்பதற்கு அனுமதி கேட்டு விண்ணப்பிப்பவர் ஆகியோருக்கு அந்த ஒரு சொல் போதாது. எந்த இடத்தில் எந்தச் சொல்லை எடுப்பது என்பதை முறையாகத் தீர்மானிக்க உதவுவதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

இத்துறையின் சொற்கள் குழப்பம் தருவதற்கு முதன்மையான காரணம், அவை எல்லாம் ஒரே கேள்விக்கு உரிய விடைகள் அல்ல என்பதுதான். குவாட்காப்டர் (நான்கு சுழலிகள் கொண்டது) என்ற பெயர் உருவத்தைச் சொல்கிறது. மைக்ரோ என்பது எடையைச் சொல்கிறது. ஆர்பிஏஎஸ் (தொலைவிலிருந்து விமானியால் இயக்கப்படும் வானூர்தி அமைப்பு) என்பது அதை யார் இயக்குகிறார் என்பதைச் சொல்கிறது. எஃப்பிவி (ஊர்தியின் கேமராக் காட்சியைப் பார்த்தபடி இயக்கும் முறை) என்பது இயக்குபவர் எதைப் பார்த்து இயக்குகிறார் என்பதைச் சொல்கிறது. ஒரே கருவிக்கு இந்த நான்கு பெயர்களும் ஒரே நேரத்தில் பொருந்தக்கூடும். ஆகவே ‘இது குவாட்காப்டரா, எஃப்பிவியா’ என்று கேட்பதில் பொருளில்லை. தாம் எழுதும் வாக்கியத்துக்கு எந்தக் கேள்வியின் விடை தேவைப்படுகிறது என்பதை முதலில் முடிவு செய்துகொண்டால், சொல் பெரும்பாலும் தானாகவே கிடைத்துவிடும்.

‘ட்ரோன்’ மட்டும் போதுமான இடங்கள்

ட்ரோன் என்பது அறிவுக்குறைவான சொல் என்றும், விவரம் தெரிந்தவர்கள் அதைத் தவிர்ப்பார்கள் என்றும் ஒரு காலத்தில் துறைக்குள்ளேயே கருத்து நிலவியது. ராணுவ அதிகாரிகள் பலர் அச்சொல்லை விரும்பாததற்கு ஒரு காரணம் உண்டு. தொலைவில் அமர்ந்து முழுப் பயிற்சியுடன் ஒரு விமானி இயக்கும் வானூர்தியை, தானாகச் சுற்றும் பொம்மையைப் போல அது காட்டிவிடுகிறது என்று அவர்கள் கருதினர். ஆயினும் அச்சொல்லின் பிறப்பே ராணுவத்தில்தான். பிரிட்டன் 1935-ஆம் ஆண்டில் பீரங்கிப் பயிற்சிக்கு இலக்காகப் பயன்படுத்துவதற்காக டைகர் மாத் விமானத்தின் அடிப்படையில் வானொலியால் இயங்கும் ‘குயின் பீ’ என்ற வானூர்தியை உருவாக்கியது. ‘ராணித் தேனீ’ என்ற அந்தப் பெயரின் தொடர்ச்சியாகவே, ஆண் தேனீயைக் குறிக்கும் ‘ட்ரோன்’ என்ற சொல்லை அமெரிக்கக் கடற்படையின் டெல்மர் ஃபார்னி 1936-இல் தம் இலக்கு வானூர்திகளுக்கு எடுத்துக்கொண்டார் என்பது பரவலாக ஏற்கப்பட்ட வரலாறு. இன்று பல நாடுகளின் சட்டங்களின் தலைப்பிலேயே அது இடம்பெற்றுவிட்டது. இந்தியாவின் 2021-ஆம் ஆண்டு ட்ரோன் விதிகள் அதற்கு ஓர் எடுத்துக்காட்டு.

எனவே பொது வாசகருக்கு எழுதும்போதும், கருவியின் வகை இன்னும் உறுதியாகத் தெரியாதபோதும் ட்ரோன் என்று எழுதுவதே நேர்மையானது. தெரிந்ததைவிடத் துல்லியமான ஒரு சொல்லைப் பயன்படுத்துவது துல்லியமின்மையைவிடப் பெரிய பிழை. இரவில் ஒளிப்புள்ளியாக மட்டும் தெரிந்த ஒன்றைக் ‘குவாட்காப்டர்’ என்று எழுதிவிட்டால், எழுதியவர் அறியாத ஓர் உண்மையை வாசகருக்குச் சொன்னதாகிவிடும்.

தமிழில் எழுதுபவருக்கு இங்கே இன்னொரு தேர்வும் காத்திருக்கிறது. செய்திகளில் ‘ஆளில்லா விமானம்’ என்ற தொடர் வழக்கில் இருக்கிறது; ஆனால் விமானம் என்றவுடன் நீண்ட இறக்கையுடன் ஓடுபாதையில் ஓடி எழும்பும் ஊர்தியே பெரும்பாலோர் மனத்தில் தோன்றும். நான்கு சுழலிகளுடன் நின்ற இடத்திலிருந்து எழும்பும் கருவிக்கு அந்தத் தொடர் பொருத்தமாக இல்லை. விமானம், ஹெலிகாப்டர், வான்கப்பல் ஆகிய எல்லாவற்றையும் உள்ளடக்கிய பொதுப்பெயராக ‘வானூர்தி’யை வைத்துக்கொண்டு, நிலையான இறக்கை உள்ளவற்றுக்கு மட்டும் ‘விமானம்’ என்பதை ஒதுக்கிக்கொள்வது நல்லது என்பது என் கருத்து.

வானூர்தியைச் சொல்கிறோமா, முழு அமைப்பைச் சொல்கிறோமா

யூஏவி (ஆளில்லா வானூர்தி), யூஏஎஸ் (ஆளில்லா வானூர்தி அமைப்பு) என்னும் இரண்டு சுருக்கங்களும் ஒன்றுக்கொன்று மாற்றாகவே பல இடங்களில் எழுதப்படுகின்றன. முதலாவது பறக்கும் ஊர்தியை மட்டும் குறிக்கும். இரண்டாவது அந்த ஊர்தியுடன், தரையில் உள்ள கட்டுப்பாட்டு நிலையம், இரண்டையும் இணைக்கும் தகவல் தொடர்பு இணைப்பு, ஏவவும் மீட்கவும் தேவைப்படும் சாதனங்கள் ஆகியவற்றைச் சேர்த்து முழு அமைப்பையும் குறிக்கும். சுருக்கத்தின் கடைசி எழுத்தில்தான் வேறுபாடு அடங்கியிருக்கிறது: ஒன்றில் ஊர்தி, மற்றொன்றில் அமைப்பு.

நடைமுறையில் இதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. வாக்கியத்தின் வினைச்சொல்லைப் பார்க்க வேண்டும். பறந்தது, விழுந்தது, மோதியது, சுட்டு வீழ்த்தப்பட்டது என்றால் அது ஊர்தி. எனவே ஆளில்லா வானூர்தி என்று எழுத வேண்டும். வாங்கப்பட்டது, பணியில் சேர்க்கப்பட்டது, சான்றளிக்கப்பட்டது என்றால் பெரும்பாலும் அமைப்பு. ராணுவக் கொள்முதல் செய்திகளில் இந்த வேறுபாடு எண்ணிக்கையையே மாற்றிவிடும், ஏனெனில் ‘ஓர் அமைப்பு’ என்பதற்குள் பல வானூர்திகள் இருப்பது வழக்கம். அமெரிக்க ராணுவத்தின் பிரிடேட்டர் அமைப்பு ஒன்றில் நான்கு வானூர்திகள் இருந்தன. ‘மூன்று அமைப்புகள் வாங்கப்பட்டன’ என்பதை ‘மூன்று ட்ரோன்கள்’ என்று மொழிபெயர்ப்பவர் எண்ணிக்கையில் தவறிவிடுவார்.

பழைய ஆவணங்களில் ஆர்பிவி என்ற சுருக்கம் வரும். தொலைவிலிருந்து இயக்கப்படும் ஊர்தி என்பது அதன் பொருள். 1970-களில் அதுவே முதன்மைச் சொல்லாக இருந்தது. பின்னர் யூஏவி அதன் இடத்தைப் பிடித்தது. வரலாற்றைப் பற்றி எழுதும்போது அந்தக் காலத்துச் சொல்லையே தக்கவைத்து, முதல் முறை வரும்போது ஒரு விளக்கம் சேர்ப்பது சிறந்தது.

இயக்குபவர் யார்

பெயரிடுவதில் மிகவும் கவனம் தேவைப்படும் பகுதி இதுவே. பன்னாட்டுக் குடிமை வான்போக்குவரத்து அமைப்பான இக்காவோ, ஆளில்லா வானூர்திகள் என்ற பெரிய தொகுதிக்குள் தொலைவிலிருந்து விமானியால் இயக்கப்படுபவற்றைத் தனியாகப் பிரித்து ஆர்பிஏ என்றும், அதன் முழு அமைப்பை ஆர்பிஏஎஸ் என்றும் அழைக்கிறது. தரையில் இருந்தாலும் அங்கே ஒரு விமானி இருக்கிறார், பொறுப்பு அவருடையது என்பதை இப்பெயர் வலியுறுத்துகிறது. பயணிகள் விமானங்கள் பறக்கும் அதே வான்வெளியில் இவற்றையும் இணைப்பது பற்றிப் பேசும்போது, பொறுப்பேற்க ஒருவர் இருக்கிறாரா என்பதே முதல் கேள்வியாக எழுவதால், அந்த அமைப்பு இந்தச் சொல்லில் உறுதியாக நிற்கிறது. கனடா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளின் விதிகளும் ஆர்பிஏஎஸ் என்பதையே பயன்படுத்துகின்றன. அமெரிக்க, ஐரோப்பிய விதிகள் யூஏஎஸ் என்பதை விரும்புகின்றன. ஒரு நாட்டின் விதியைப் பற்றி எழுதும்போது அந்த விதியில் உள்ள சொல்லையே எடுத்தாள வேண்டும். நாமாக ஒன்றை இன்னொன்றாக மாற்றக் கூடாது.

விமானியின் தலையீட்டுக்கே இடமில்லாமல் பறக்கும் வானூர்தியைத் தன்னாட்சி வானூர்தி என்று இக்காவோ வரையறுக்கிறது. இங்கேதான் விளம்பரங்களும் செய்திகளும் அடிக்கடி தவறுகின்றன. முன்கூட்டியே குறிக்கப்பட்ட புள்ளிகளின் வழியாகத் தானாகப் பறப்பது, தொடர்பு அறுந்தால் புறப்பட்ட இடத்துக்குத் தானாகத் திரும்புவது, காற்று அடித்தாலும் ஒரே இடத்தில் மிதந்து நிற்பது ஆகியவை எல்லாம் தானியக்கச் செயல்கள். இயக்குபவர் எந்த நொடியிலும் குறுக்கிட்டுக் கட்டுப்பாட்டைக் கையில் எடுக்க முடிகிறது என்றால் அது தன்னாட்சி வானூர்தி ஆகாது. தானியக்கம் என்பது சொன்னதைச் செய்வது. தன்னாட்சி என்பது சூழலைப் பார்த்துத் தானே முடிவெடுப்பது. செவ்வாய்க் கோளில் 2021 ஏப்ரல் 19 அன்று முதன்முறை பறந்த இன்ஜெனுவிட்டி ஹெலிகாப்டர் இதற்குச் சுவையான எடுத்துக்காட்டு. புவியிலிருந்து சமிக்ஞை சென்று சேரவே பல நிமிடங்கள் ஆகும் என்பதால் அதை நேரடியாகக் கையால் இயக்க வழியே இல்லை. எங்கே செல்ல வேண்டும் என்ற திட்டத்தை மட்டும் முன்னதாக அனுப்பிவிட்டு, பறக்கும்போது நிலைப்படுத்துவதையும் தரையின் படங்களைக் கொண்டு இடத்தைக் கணிப்பதையும் அதனிடமே விட்டனர்.

‘ஆளில்லா’ என்ற அடைமொழியிலும் ஒரு சிக்கல் முளைத்திருக்கிறது. சீனாவின் இஹாங் நிறுவனம் உருவாக்கிய இஎச்216-எஸ் என்ற ஊர்தியில் பயணிகள் அமர்ந்து செல்லலாம், ஆனால் உள்ளே விமானி கிடையாது; 2023 அக்டோபரில் அந்நாட்டு வான்போக்குவரத்து ஆணையம் அதற்கு வகைச் சான்றிதழ் வழங்கியது. உள்ளே ஆள் இருக்கும் ஒன்றை ஆளில்லா வானூர்தி என்று எழுதினால் வாசகர் குழம்புவார். இத்தகையவற்றுக்கு ‘விமானி இல்லா’ என்ற அடைமொழியே ஏற்றது. அது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. 1944-ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கையின் 8-ஆவது பிரிவு ‘விமானி இல்லா வானூர்திகள்’ என்ற தலைப்பிலேயே அமைந்து, இன்னொரு நாட்டின் வான்வெளியில் சிறப்பு அனுமதி இல்லாமல் அவை பறக்கக் கூடாது என்று கூறுகிறது. இன்னும் சில வானூர்திகளை விமானி ஏறியும் ஓட்டலாம், ஏறாமலும் பறக்கவிடலாம். அவற்றை ‘விருப்பம்போல் விமானியுடன் இயங்கும் வானூர்தி’ என்று விரித்து எழுதுவதைத் தவிர வேறு வழியில்லை.

உருவத்தால் வரும் பெயர்கள்

படத்தைப் பார்த்தே தீர்மானிக்க முடிவதால் இது எளிய பகுதி. நிலையிறக்கை வானூர்தி முன்னோக்கி நகரும்போது இறக்கையின் மேல் ஓடும் காற்றால் மேலெழுகிறது. நின்ற இடத்தில் மிதக்க அதனால் முடியாது. சுழலிறக்கை வானூர்தியைச் சுழலும் தகடுகளே தூக்கி நிறுத்துகின்றன. ஒரு பெரிய சுழலியும் வால் சுழலியும் இருந்தால் அது ஹெலிகாப்டர்; பல சுழலிகளின் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் திசையை மாற்றினால் அது மல்டிரோட்டர். மூன்று சுழலிகள் இருந்தால் டிரைகாப்டர், நான்கு இருந்தால் குவாட்காப்டர், ஆறு இருந்தால் ஹெக்ஸாகாப்டர், எட்டு இருந்தால் ஆக்டோகாப்டர். எண்ண வேண்டியது சுழலிகளையே தவிரக் கைகளை அல்ல. நான்கு கைகளின் ஒவ்வொரு முனையிலும் மேலும் கீழுமாக இரண்டு சுழலிகள் பொருத்தப்பட்ட எக்ஸ்8 அமைப்பு தொலைவிலிருந்து பார்ப்பதற்குக் குவாட்காப்டரைப் போலவே தோன்றும்.

அளவை வைத்து உருவத்தை ஊகிப்பதும் தவறாக முடியும். சிறியது எதுவோ அது குவாட்காப்டர் என்ற எண்ணம் பரவியிருக்கிறது. ஆனால் வீரர்கள் சட்டைப் பையில் எடுத்துச் செல்லும் பிளாக் ஹார்னெட், சில பத்து கிராம் எடையே உள்ள ஹெலிகாப்டர்தான். மறுபுறம், பயிர்களுக்கு மருந்து தெளிக்கும் பணியில் மல்டிரோட்டர்கள் வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே ஜப்பானில் யமஹாவின் ஆளில்லா ஹெலிகாப்டர்கள் அந்த வேலையைச் செய்துவந்தன.

இரு வகைகளையும் கலந்தவை கலப்பு வானூர்திகள். செங்குத்தாக எழும்பி, பின்னர் இறக்கையின் துணையால் முன்னோக்கிப் பறக்கும் இவற்றை விடிஓஎல் என்ற சுருக்கத்தால் குறிப்பதுண்டு. எழும்புவதற்கென்று நான்கு சுழலிகளும் முன்செல்வதற்கென்று தனியாக ஓர் உந்தியும் இருந்தால் குவாட்பிளேன். அதே சுழலிகள் சாய்ந்து திசை மாறினால் சாய்சுழலி. முழு வானூர்தியே வாலை ஊன்றி நின்று எழும்பிப் பிறகு படுக்கைவாட்டில் திரும்பினால் வால்நிலை வானூர்தி. விடிஓஎல் என்ற சொல்லைத் தனியாக எழுதுவது போதாது, ஏனெனில் எந்தக் குவாட்காப்டரும் செங்குத்தாகத்தான் எழும்புகிறது. ‘நிலையிறக்கையுடன் கூடிய விடிஓஎல்’ என்றால்தான் பொருள் முழுமை பெறும். பறவையைப் போலச் சிறகடிப்பவை ஆர்னிதாப்டர்கள். 2011-இல் அமெரிக்காவில் காட்டப்பட்ட நானோ ஹம்மிங்பேர்ட் அவ்வகையைச் சேர்ந்தது. இயந்திரமின்றிக் காற்றின் போக்கில் செல்லும் ஆளில்லா பலூன்களை இக்காவோ ‘ஆளில்லாக் கட்டற்ற பலூன்கள்’ என்று தனியே பெயரிட்டு அவற்றுக்குத் தனி விதிகளை வகுத்திருப்பதால், அவற்றை ட்ரோன் என்று எழுதாமலிருப்பதே முறை.

எடைப் பிரிவுகளில் உள்ள பொறி

நானோ, மைக்ரோ, சிறியது, நடுத்தரம், பெரியது என்ற சொற்கள் எங்கும் ஒன்றுபோல ஒலித்தாலும் எல்லா இடத்திலும் ஒரே அளவைக் குறிப்பதில்லை. இந்திய விதிகளில் 250 கிராம் வரை நானோ, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ, 25 கிலோ வரை சிறியது, 150 கிலோ வரை நடுத்தரம், அதற்கும் மேற்பட்டது பெரியது. அமெரிக்கக் குடிமை விதிகளில் ‘சிறிய’ ஆளில்லா வானூர்தி என்றால் 55 பவுண்டுக்கு, அதாவது ஏறத்தாழ 25 கிலோவுக்குக் குறைந்த எதுவும் அதில் அடங்கிவிடும். நேட்டோவின் பட்டியலில் 150 கிலோவுக்குக் கீழ் உள்ள அனைத்தும் முதல் வகுப்பு. அதற்குள்ளேயே மைக்ரோ, மினி, சிறியது என்ற உட்பிரிவுகள் உள்ளன. ஆகவே 100 கிலோ எடையுள்ள ஒரே வானூர்தி நேட்டோ ஆவணத்தில் ‘சிறியது’ என்றும், இந்திய விதியில் ‘நடுத்தரம்’ என்றும் குறிக்கப்படும். அமெரிக்கக் குடிமை விதியின் ‘சிறிய’ பிரிவுக்குள் அது வரவே வராது.

இதிலிருந்து பிறக்கும் விதி ஒன்றுதான்: எடைப் பிரிவின் பெயரை எழுதும்போது எந்தப் பட்டியலின்படி என்பதையும், முடிந்தால் கிலோ கணக்கையும் உடன் எழுத வேண்டும். இரண்டில் ஒன்றைத்தான் எழுத இடமிருக்கிறது என்றால் பெயரை விட்டுவிட்டு எடையை எழுதுவதே மேல்.

எந்த எடை என்பதும் கவனத்துக்குரியது. இந்திய விதிகள் சுமையையும் சேர்த்த மொத்த எடையைக் கணக்கில் கொள்கின்றன. 14 கிலோ எடையுள்ள ஒரு தெளிப்பு ட்ரோனின் தொட்டியில் 10 லிட்டர் நீரை நிரப்பினால், பிரிவைத் தீர்மானிக்கும் எடை 24 கிலோ. தயாரிப்பாளரின் விவரத்தாளில் வெற்று எடை, மின்கலத்துடன் கூடிய எடை, எழும்பக்கூடிய உச்ச எடை என மூன்று எண்கள் இருந்தால் கடைசி எண்ணையே எடுக்க வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியம் சற்று வேறு பாதையில் செல்கிறது. 2020-ஆம் ஆண்டின் இறுதி நாளிலிருந்து நடைமுறைக்கு வந்த அதன் விதிகள், ஊர்தியைப் பார்ப்பதற்கு முன் பறப்பினால் நேரும் இடரைப் பார்த்து, திறந்த வகை, குறிப்பிட்ட வகை, சான்றளிக்கப்பட்ட வகை என்று மூன்றாகப் பிரிக்கின்றன. கருவியின் மேல் ஒட்டப்படும் சி0, சி1 போன்ற அடையாளங்கள் வேறு பட்டியல். 250 கிராமுக்குக் குறைந்தது சி0, 900 கிராமுக்குக் குறைந்தது சி1, 4 கிலோவுக்குக் குறைந்தது சி2 என்று அது தொடர்கிறது. ‘திறந்த வகை ட்ரோன்’ என்று எழுதுவது நுட்பமாகப் பார்த்தால் பிழை, ஏனெனில் திறந்திருப்பது பறப்பின் வகையே தவிரக் கருவியின் வகை அல்ல. ஒரே கருவியை இன்று திறந்த வகையிலும் நாளை குறிப்பிட்ட வகையிலும் பறக்கவிடலாம்.

உயரமும் பறக்கும் நேரமும்

பெரிய வானூர்திகளை எடையைவிட, எட்டும் உயரத்தாலும் தாங்கிப் பறக்கும் நேரத்தாலும் பிரிப்பது வழக்கம். நடுத்தர உயரத்தில் நெடுநேரம் பறப்பவை ஒரு வகை. ரீப்பர், ஹெரான் போன்றவை இதில் அடங்கும். மிகுந்த உயரத்தில் நெடுநேரம் பறப்பவை மற்றொரு வகை. குளோபல் ஹாக் இதன் அறியப்பட்ட உறுப்பினர். ஆங்கிலத்தில் இவற்றுக்கு உள்ள நான்கெழுத்துச் சுருக்கங்களைத் தமிழில் ஒலிபெயர்த்தால் முதலாவது ‘மேல்’ என்று வந்துவிடுகிறது. ‘மேல் வகை ட்ரோன்’ என்பதைப் படிப்பவர் அதையே உயரப் பறப்பது என்று எடுத்துக்கொள்வார். உண்மையோ அதற்கு நேர்மாறு, இரண்டில் தாழப் பறப்பது அதுதான். இந்த இடத்தில் சுருக்கத்தைக் கைவிட்டு ‘நடுத்தர உயர நெடுநேர வானூர்தி’ என்று முழுமையாக எழுதுவதே பாதுகாப்பானது. இரண்டுக்கும் இடையிலான எல்லைக்கோடும் உறுதியானது அன்று. நடுத்தர உயரம் என்பது பொதுவாக 10,000 முதல் 30,000 அடி வரை என்று சொல்லப்பட, நேட்டோ பட்டியல் அதை 45,000 அடி வரை நீட்டுகிறது.

இவற்றுக்கும் மேலே, சூரிய ஆற்றலில் வாரக்கணக்கில் பறக்கும் மெல்லிய வானூர்திகள் உள்ளன. செயற்கைக்கோளின் வேலையை வளிமண்டலத்துக்குள் இருந்தே செய்வதால் அவற்றைப் போலிச் செயற்கைக்கோள் என்று அழைக்கிறார்கள். செஃபைர் என்ற வானூர்தி 2022-இல் 64 நாட்கள் தொடர்ந்து பறந்தது. ‘போலி’ என்ற அடைமொழி தமிழில் ஏமாற்று என்ற சாயலைத் தருவதால், ‘மிகுந்த உயரத்தில் செயற்கைக்கோள் போன்று இயங்கும் வானூர்தி’ என்று விரிப்பது நல்லது.

ராணுவப் பெயர்களில் எச்சரிக்கை

செய்திகளில் மிகுதியாகப் பிழை நேர்வது இங்கேதான். ஆயுதம் ஏந்திய எல்லாவற்றையும் ‘போர் ட்ரோன்’ என்று எழுதிவிடுகிறார்கள். உளவுக்காக வடிவமைக்கப்பட்டுப் பின்னர் ஏவுகணை பொருத்தப்பட்ட வானூர்தி ஒன்று. தொடக்கத்திலிருந்தே போருக்கென வடிவமைக்கப்பட்ட யூசிஏவி வேறொன்று. அமெரிக்க விமானப்படையின் குறியெழுத்துகளே முதல் வகையின் வரலாற்றைச் சொல்கின்றன. அவற்றில் ‘க்யூ’ ஆளில்லா நிலையையும், ‘ஆர்’ உளவையும், ‘எம்’ பல பணிகளையும் குறிக்கும். ஆர்க்யூ-1 என்றிருந்த பிரிடேட்டர், ஆயுதம் ஏந்தத் தொடங்கிய பின் 2002-இல் எம்க்யூ-1 ஆனது. எழுத்துகளின் வரிசையும் பொருள் உடையது. ‘க்யூ’ முன்னால் வரும் க்யூஎஃப்-16 என்பது, பழைய எஃப்-16 போர் விமானத்தையே ஆளில்லா இலக்காக மாற்றியது என்பதைத் தெரிவிக்கிறது. அதைப் ‘புதிய போர் ட்ரோன்’ என்று எழுதினால் சுட்டு வீழ்த்தப்படுவதற்காகவே பறக்கும் ஒன்றுக்குத் தகாத பெருமை கொடுத்ததாகும்.

திரும்பி வராமல் இலக்கில் மோதி வெடிப்பவற்றை ஊடகங்கள் காமிகாசி ட்ரோன் என்கின்றன. உயிரைக் கொடுத்த ஜப்பானிய விமானிகளின் நினைவைச் சுமந்த அந்தச் சொல், உள்ளே யாருமே இல்லாத கருவிக்குத் தலைப்பில் விறுவிறுப்புத் தருமே தவிர, கருவி எப்படி இயங்குகிறது என்பதைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. இவற்றுள் இரண்டு வகைகளைப் பிரித்தறிய வேண்டும். இலக்கு இருக்கக்கூடிய பகுதிக்கு மேல் வட்டமிட்டுக் காத்திருந்து, இலக்கு தென்பட்டவுடன் பாய்வது ஒரு வகை. ரேடார் அலைகளைத் தேடித் தாக்கும் இஸ்ரேலின் ஹார்ப்பி, ஹாரோப் ஆகியவை இதைச் சேர்ந்தவை. இதை வட்டமிட்டுத் தாக்கும் வெடிகலம் என்று சொல்லலாம். முன்பே பதியப்பட்ட இட ஆயங்களை நோக்கி நேராகச் சென்று மோதுவது மற்றொரு வகை. ஈரானின் ஷாஹெட்-136 அடிப்படையில் அவ்வாறு வடிவமைக்கப்பட்டது. அது காத்திருப்பதில்லை என்பதால் அதை ‘ஒருவழித் தாக்குதல் ட்ரோன்’ என்பதே பொருத்தம்.

அப்படியானால் க்ரூஸ் ஏவுகணைக்கும் ஒருவழித் தாக்குதல் ட்ரோனுக்கும் என்ன வேறுபாடு என்ற கேள்வி நியாயமாகவே எழும். இரண்டுக்கும் இறக்கை உண்டு, இயந்திரம் உண்டு, இரண்டும் திரும்புவதில்லை. 1918-இல் அமெரிக்காவில் உருவான கெட்டரிங் பக், சுழலியின் சுற்றுகளை எண்ணி, குறித்த எண்ணிக்கை வந்தவுடன் விழுந்து வெடிக்கும்படி அமைக்கப்பட்டது. அக்காலத்தில் அதை வான்வழி டார்ப்பிடோ என்றனர். இன்று சிலர் அதை முதல் க்ரூஸ் ஏவுகணை என்றும் சிலர் முதல் ட்ரோன் என்றும் எழுதுகிறார்கள். உண்மையில் இங்கே உறுதியான கோடு இல்லை. வேகம், விலை, தயாரித்த நாடு இட்ட பெயர் ஆகியவையே வழக்கத்தைத் தீர்மானிக்கின்றன. அத்தகைய இடத்தில் பயன்படுத்திய தரப்பு எவ்வாறு அழைக்கிறது என்பதை அவர்கள் கூற்றாகவே குறிப்பிட்டுவிட்டு நகர்வது போதும்.

பறக்கும் முறையைச் சொல்பவை

எஃப்பிவி என்பது ஊர்தியின் முனையில் உள்ள கேமராவின் காட்சியைக் கண்ணில் அணியும் கண்ணாடியின் திரையில் பார்த்தபடி, உள்ளே அமர்ந்திருப்பதுபோல இயக்கும் முறை. பந்தயத்துக்கும் திரைப்படக் காட்சிகளுக்கும் அது பயன்பட்டுவந்தது. உக்ரைன் போருக்குப் பின் அச்சொல்லுக்கு வெடிபொருள் கட்டப்பட்ட மலிவான தாக்குதல் குவாட்காப்டர் என்ற இரண்டாவது பொருள் ஏறிவிட்டது. எனவே எந்த எஃப்பிவி என்பது சூழலில் தெளிவாகாவிட்டால் ஒரு சொல் கூடுதலாகச் சேர்க்க வேண்டும். வானொலித் தடையிலிருந்து தப்பிக்க மெல்லிய கண்ணாடியிழையைப் பின்னால் அவிழ்த்தபடி பறப்பவற்றைக் ‘கட்டிய ட்ரோன்’ என்று சிலர் எழுதுகிறார்கள், அது வேறு. கட்டிய ட்ரோன் என்பது தரையிலிருந்து மின்சாரம் பெறும் கம்பியுடன் ஒரே இடத்துக்கு மேல் மணிக்கணக்கில் நிற்பது.

விஎல்ஓஎஸ் என்றால் இயக்குபவரின் கண்ணுக்கு நேரடியாகத் தெரியும் எல்லைக்குள் பறத்தல். பிவிஎல்ஓஎஸ் என்றால் அந்த எல்லையைத் தாண்டிப் பறத்தல். திரையில் காட்சி தெரிவது கண்ணுக்குத் தெரிவதாகாது. பல நாடுகளின் விதிகளில் காணப்படும் 120 மீட்டர் அல்லது 400 அடி என்ற உச்சவரம்பு கடல்மட்டத்திலிருந்து அல்ல, தரையிலிருந்து அளக்கப்படுவது என்பதையும் உயரத்தைக் குறிப்பிடும் ஒவ்வொரு முறையும் தெளிவாக்க வேண்டும்.

நூற்றுக்கணக்கான ட்ரோன்கள் வானில் உருவங்கள் வரைவதைத் ‘திரள்’ என்று எழுதுவது பழகிவிட்டது. அத்தகைய ஒளிக்காட்சிகளில் ஒவ்வொன்றும் முன்பே கணிக்கப்பட்ட தன் பாதையில் செல்கிறது. பக்கத்தில் இருப்பது விழுந்தாலும் மற்றவை அதை அறிவதில்லை. ஒன்றையொன்று உணர்ந்து தமக்குள் வேலையைப் பகிர்ந்துகொள்பவையே கண்டிப்பான பொருளில் திரள். மற்றதை ‘ட்ரோன் அணிவகுப்பு’ என்றால் போதும்.

எழுதும்போது ஒரு சொல் எப்படி உருவாகிறது என்பதை ஒரு வாக்கியத்தை வைத்துப் பார்க்கலாம். ‘வயலில் சிறிய தன்னாட்சி ட்ரோன் விமானம் மருந்து தெளித்தது’ என்ற வரி திருத்துவதற்கு வந்தால், படத்தில் ஆறு சுழலிகள் தெரிகின்றன, எனவே ‘விமானம்’ போய் ‘ஹெக்ஸாகாப்டர்’ வரும். விவசாயி கையில் கட்டுப்பாட்டுக் கருவி இருக்கிறது, பாதை முன்பே பதியப்பட்டிருக்கிறது, எனவே ‘தன்னாட்சி’ என்பது நீங்கி ‘முன்பதிந்த பாதையில்’ என்று வரும். ‘சிறிய’ என்பதன் இடத்தில் விவரத்தாளில் உள்ள உச்ச எடை வரும். அந்த எண் கிடைக்காவிட்டால் அந்த இடத்தை வெறுமையாகவே விட்டுவிட்டு, ‘முன்பதிந்த பாதையில் பறந்த ஹெக்ஸாகாப்டர் வயலில் மருந்து தெளித்தது’ என்று முடித்துக்கொள்ளலாம்.